நேரே தோண்டுதல்

ஆறு வருடம் மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டினேன்.
முழங்காலில் நின்று, முகக்கவசத்துள் வியர்த்து,
நாளொன்றுக்கு இரண்டு பாய் விரிக்கும் அளவு நிலம்.
மேலிருந்து குத்தக் கூடாது,
அதுதான் முதல் நாள் பாடம்.

இன்றைக்கு அலவாங்கைக் கையில் தந்து
நேரே இறக்கு என்கிறார்கள்.
கை நடுவில் நின்றுவிடுகிறது.
"குத்துங்க புள்ள, அது வெறும் மண்" என்கிறாள் றிஸ்மியா.
எனக்குத் தெரியாதா?
நானே துப்புரவாக்கிய துண்டு,
கோப்பில் என் கையெழுத்துக் கிடக்கிறது.
என்றாலும் தோளுக்குக் கீழே ஒன்றும் என் சொல் கேட்பதில்லை.

குச்சவெளிக்கு மேற்கே, அந்த நாளில்,
மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால்
பாலை நின்றது. வீரை நின்றது.
இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத முதிரை ஒன்று நின்றது.
ஒருவரும் கோடரியோடு உள்ளே போகவில்லை.
ஆனியில் பாலைப்பழம் உதிர்ந்து புளித்து
காடே கள்ளுக்கொட்டில் போல மணக்கும்.
இருவாச்சி மரம் மாறும்போது
பழைய சீலையை உதறுவது மாதிரி
தலைக்கு மேலால் ஒரு சத்தம் போகும்.
கரடியும் வந்து தின்றது.
அது மிதித்த இடத்தைப்
பாதுகாப்பானது என்று நாங்கள் எழுத முடியாது;
அளந்து பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அளந்தோம். எழுதினோம்.
ரிபன் வெட்டி, கேசரி தந்து, காணியைக் கையளித்தார்கள்.
மூன்றாம் மாதம் லொறி வந்தது.

பாலை லேசில் விழாத மரம்.
வாளின் பல்லு முறிகிற சத்தம்
இரண்டு கிழமை கேட்டது, பிறகு கேட்கவில்லை.
எடுத்த வெடிகளுக்குக் கணக்கு உண்டு: இருநூற்றுப் பன்னிரண்டு.
மரங்களை எவரும் எண்ணவில்லை.
நாங்கள் வெள்ளைக் கல் அடுக்கிய பாதையால்தான்
அவையெல்லாம் வெளியே போயின.

அதற்காக, வெடி கிடந்திருக்கலாம் என்று
என் வாயால் சொல்ல மாட்டேன்.
மாடு தேடிப் போன சிவபாதத்துக்கு
இடது கால் இல்லை.

கந்தோரில் தேக்கங்கன்று இலவசம் என்றார்கள்.
"அதில எந்தக் குருவிக்குச் சோறு?" என்று கேட்டுவிட்டு
றிஸ்மியா சாக்கோடு திரியாய்ப் பக்கம் நடந்தாள்.
கரடி கழித்ததைக் கிளறி
கறுத்து மினுங்கும் விதைகளைக் கழுவி எடுத்தோம்.
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.
யோகட் கோப்பைகளில் முளைக்க வைத்தோம்.
வயிற்றுக்குள் போய் வந்த விதைக்குத்தான்
வெளியே வர அவசரம்.

முந்நூற்று நாற்பது கன்று.
ஆடு கொஞ்சம், கச்சான் காற்று கொஞ்சம்,
கிறிக்கெட் ஆடிய பொடியங்கள் கொஞ்சம்.
எழுபத்தொன்று மிச்சம்.
இரண்டு மாரி கடந்தும் என் முழங்காலுக்கு எட்டவில்லை.
இது பழுக்கிற ஆனியில்
என் முழங்கால் எங்கே இருக்குமோ.

முட்டுக்கொடுக்கத் தடி போதவில்லை.
களஞ்சியத்தில் கிடந்தன பழைய அடையாளக் கட்டைகள்,
தலையில் சிவப்புப் பூசியவை.
அவற்றையே நட்டோம், கன்றுக்கு ஒன்று.
தூரத்தில் பார்த்தால்
மறுபடி வெடி விதைத்த காணி போல இருக்கிறது.
ஆடு மேய்க்க வந்த சிவபாதம்
வாசலிலேயே நின்றுவிட்டார்.
நான் குறுக்கே நடந்து, திரும்பி நடந்து,
குதித்தும் காட்டினேன்.
அவர் வரவில்லை. ஆடுகளும் வரவில்லை.
கன்றுகளுக்கு நல்லதுதான்.

கன்றை ஒரு பறவையும் மதிப்பதாய் இல்லை.
கொண்டைக்குருவி கட்டையில்தான் குந்துகிறது.
சிவப்புத் தலைமேல் தன் சிவப்புப் பின்புறத்தை வைத்து,
நாலு பக்கமும் பார்த்து, எச்சமிட்டு, போகிறது.
அதில் முளைப்பதெல்லாம் உண்ணிச்செடி.
வெள்ளிக்கிழமைகளில் பிடுங்கி எறிவது என் வேலை.

நேற்று முப்பத்தெட்டாம் கட்டையின் அடியில்
இரண்டு இலை.
உண்ணி இல்லை. பாலையும் இல்லை.
பெயர் தெரியவில்லை.
பழைய வழக்கத்தில் முழங்காலிட்டு
சின்னக் கரண்டியால், பக்கவாட்டில்,
அதைச் சுற்றி இருந்த புல்லை மட்டும் எடுத்தேன்.